மூன்றாவது மிதி

அன்று ஜீப்பில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஓட்டியவன் நான். பக்கத்து இருக்கையில் என் மனைவி. பின்னால் இடது பலகையின் கடைசியில், எங்கள் எஸ்டேட் லயத்தில் அடுத்த வீட்டு மதினி. சொந்தம் இல்லை, கூப்பிட்டுப் பழக்கம். எதிர்ப் பலகையில் அவரோடு ஒரே மலையில் தேயிலை எடுக்கும் அக்காமார் இரண்டு பேர். வேறு யாரும் இல்லை. போலீஸ் யாரும் கேட்கவில்லை. கேட்டால் இப்படித்தான் சொல்லவேண்டும் என்று எத்தனையோ தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

அந்த ஜீப் என்னைவிட இரண்டு வயது மூத்தது. நான்கு சக்கரத்துக்கும் பழைய டிரம் பிரேக். இறக்கத்தில் அதை நிறுத்த, முதுகை இருக்கையில் ஊன்றி உடம்புப் பலம் முழுவதையும் காலில் இறக்கவேண்டும். எட்டாவதோடு படிப்பை விட்டவன், வேறு தொழில் தெரியாது. ஒவ்வொரு வளைவிலும் நிற்குமா, நிற்காதா என்று பயந்தபடியே பதினேழு வருஷம் ஓட்டினேன். கடைசியில் பயம் தாங்காமல்தான் அடிமாலிப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டேன். முன் சக்கரங்களுக்கு டிஸ்க், மிதிக்குப் பலம் சேர்க்க பூஸ்டர். எல்லாம் கோவையில் வண்டி உடைக்கிற கடையிலிருந்து வந்த சாமான்.

மெக்கானிக்கை எல்லோரும் ஆசான் என்பார்கள். நான் கேட்ட கேள்விகளில் அவருக்குச் சலித்துப்போயிற்று.

“இத்தனை பேடி, இத்தனை பயம் வெச்சுட்டு நீ எதுக்கு வண்டி ஓட்டறே? ஒரு காரியம் மட்டும் மறக்காதே. எறக்கத்துல எஞ்சின் ஓஃப் பண்ணக் கூடாது. எஞ்சின் ஓடினாத்தான் பூஸ்டர் வேலை செய்யும்.”

தலையாட்டினேன். அவர் சொல்லவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த நேரம் என் கண் புதுக் குழாயின் இணைப்பில் இருந்தது, ஆயில் கசிகிறதோ என்று.

எங்கள் பக்கத்தில் நீண்ட இறக்கம் வந்தால் எஞ்சினை அணைத்து, கியரை எடுத்துவிட்டு, வண்டியைச் சும்மா உருளவிடுவோம். டீசல் மிச்சம். பழைய பிரேக்குக்கு எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒன்றுதான்.

அது ஞாயிற்றுக்கிழமை. மூணாறு மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

“என்ன கொழுந்தனாரே, புதுப் பிரேக்கு போட்டும் மூஞ்சி தெளியலையே” என்றார் மதினி.

“பிரேக்கத்தான மாத்துனாரு, நெஞ்ச மாத்தலல்ல” என்றார் அக்காமாரில் ஒருவர்.

“அதுக்கு எங்கயாச்சும் ஒர்க்‌ஷாப்பு இருந்தா சொல்லுங்க, நானே கூட்டிட்டுப் போறேன்” என்றாள் என் மனைவி.

நானும் சிரித்தேன். இறக்கம் தொடங்கியது. சிரித்துக்கொண்டே எஞ்சினை அணைத்தேன்.

முதல் வளைவில் மெல்ல மிதித்தேன், பூப்போலப் பிடித்தது. இரண்டாவதிலும் பிடித்தது. பூஸ்டருக்குள் மிச்சமிருந்த பலம் அவ்வளவுதான். மூன்றாவது மிதியில் பெடல் கல்லாகிவிட்டது. இரண்டு காலையும் வைத்து மிதித்தேன். வேகம் குறையவில்லை. கியரைப் போட்டேன், கரகரவென்று கத்தியது, விழவில்லை. எஞ்சினைத் திரும்ப எழுப்பியிருக்கலாம். அப்போது அது தோன்றவே இல்லை. வலப்பக்கம் பள்ளம். இடப்பக்கம் வெட்டிய பாறை. இடப்பக்கம் ஒடித்தேன்.

வண்டி பாறையை உரசிக்கொண்டே போய் நின்றது. நான்கு பேருக்குச் சிராய்ப்புதான். மதினி வலது கையால் பின்கம்பியைப் பிடித்திருந்தார். கம்பிக்கும் பாறைக்கும் நடுவில் அந்தக் கை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் அவர் என்னைத் திட்டவில்லை.

“கேசு குடுத்தா ஒன் லைசென்சு போவும், எனக்கு வெரலா வரப்போவுது? ரிட்டயர்டு ஆவ நாலு வருசம் கெடக்கு. அதுவர வீட்ட விட்டுப் போவச் சொல்லிராம பாத்துக்க. மேனேஜர்ட்ட நீயே பேசு.”

எஸ்டேட்டில் வேலை இருந்தால்தான் லயத்து வீடு. வேலை போனால் வீட்டையும் விடவேண்டும். மதினிக்கு வேறு வீடு கிடையாது. இரண்டு விரல் இல்லாமல் இலை வெட்டும் கத்தரியைப் பிடிக்க முடியாது. பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கும் வேலையாவது கொடுங்கள் என்று ஆபீஸ் வாசலில் நாலு முறை நின்றேன். மூன்று மாதம் கொடுத்தார்கள். பிறகு அங்கே ஆள் இருக்கிறது என்றார்கள். வீட்டைக் காலி செய்யக் கடிதம் வந்தது. மதினி அதை என்னிடம்தான் வாசிக்கக் கொடுத்தார். மலையாளத்தில் இருந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

சொந்த உபயோகத்துக்கான வண்டியில் கூலிக்கு ஆள் ஏற்றியதால் இன்சூரன்ஸும் கிடையாது. ஆஸ்பத்திரிச் செலவு, வாடகை வீட்டுக்கு முன்பணம், இரண்டு வருஷ வாடகை எல்லாம் சேர்த்து இரண்டு லட்சம் தருகிறேன் என்று சொன்னேன். ஜீப்பை விற்றேன். வாங்க வந்தவரிடம் இறக்கத்தில் எஞ்சினை அணைக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னதில் அவர் சந்தேகப்பட்டு விலையில் ஐயாயிரம் குறைத்தார். வந்ததை அப்படியே மதினியிடம் கொடுத்தேன். என் மனைவியின் கம்மலும் போயிற்று.

மதினி இப்போது சாமான்களோடு தன் தங்கச்சி வீட்டு ஒரு அறையில் இருக்கிறார். கொடுத்ததில் பெரும்பகுதி ஆஸ்பத்திரிக்கே போய், முன்பணம் முழுதாகச் சேராததால் வாடகை வீடு இன்னும் அமையவில்லை. நான் சொன்ன இரண்டு லட்சத்தில் பாக்கி கொடுக்கவேண்டியது முப்பத்தெட்டாயிரம் ரூபாய்.