கீழ்த்தளத்துக்கு ஒரு விலை, மொட்டைமாடிக்கு ஒரு விலை

கத்திரிக்காய்க்குப் பேரம் பேசாதவர்கூட கார் நிறுத்த வந்தால் பேரம் பேசுவார். டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பேச்சு வாங்கியவர்களுக்கு இது தெரியும். காந்திபுரத்தில் நான் வேலை பார்க்கும் பார்க்கிங்கில் கீழ்த்தளம் எப்போதும் நிரம்பி வழியும். மொட்டைமாடியில் காக்கா உட்கார்ந்திருக்கும். முதலாளி கீழே விலையை ஏற்றி, மேலே குறைத்தார். அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி.

சம்பந்தி பக்கத்தில்

பல்லடத்துக் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் முகூர்த்தப் பட்டு எடுக்க வந்தார். "மேலே போனா பாதி வெலைதானுங்க, லிஃப்டும் இருக்குதுங்க" என்று நல்லதுக்குத்தான் சொன்னேன். பக்கத்து சீட்டில் இருந்தவர் வரப்போகிற சம்பந்தி என்று எனக்கு எப்படித் தெரியும்? பண்ணைக்காரர் முகம் கறுத்துவிட்டது.

"ஏனுங்க அம்மணி, எங்களைப் பாத்தா மாடிக்குப் போற ஆளாட்டவா தெரியுதுங்க?"

இரண்டு மணிக்காக

மதியம் இரண்டு மணிக்கு மேல் கீழ்த்தளத்திலும் விலை குறையும். ஒருவர் ஒன்றரைக்கே வந்து வாசலை மறித்து நின்றுகொண்டார். பின்னால் ஒரே ஹாரன். உள்ளே வரச்சொல்லிக் கெஞ்சினேன். ஏசியைக் கூட்டி, சீட்டைச் சாய்த்துக்கொண்டார். டிராபிக் போலீஸ் வந்து திட்டியது என்னைத்தான். கார்க்காரரிடம் போய் அழாத குறையாக நின்றேன்.

"எரியறது எம்பட டீசலுங்க, உங்களுக்கென்னுங்க நட்டம்?"

கயிறு கட்டிய இடம்

இடுப்பில் ஆபரேஷன் ஆன கணவரைப் பின்சீட்டில் படுக்கவைத்து, பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து ஒரு அம்மா தானே ஓட்டி வந்தார். பக்கத்து ஆஸ்பத்திரியில் தையல் பிரிக்க வேண்டும். கீழே இடமில்லை; அன்று பார்த்து லிஃப்டும் பழுது. கீழே காலையிலிருந்து காரை நிறுத்தியிருந்த நகைக்கடைக்காரரிடம், கொஞ்சம் மேலே மாற்றச் சொல்லி ஓடினேன். "காசு குடுத்துத்தானுங்க நிறுத்தியிருக்கேன்" என்றார். அந்த அம்மா ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். வழியை அடைத்தாலும் பரவாயில்லை என்று அங்கேயே நிறுத்தச் சொல்லி, நானும் வாட்ச்மேனும் அவர் கணவரை என் நாற்காலியில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிவரை தூக்கிப் போனோம்.

மறுநாள் முதல் கீழே ஒரு இடத்துக்குக் கயிறு கட்டிவிட்டேன், முடியாதவர்கள் வந்தால் ஆகட்டும் என்று. முதலாளி பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனசு இளகிவிட்டது என்று நினைத்தேன்.

"நல்ல காரியமுங்க அம்மணி, அந்தக் கயிறு கட்டுன எடத்துக்குத் தனியா ஒரு வெலை போட்டுப்போடலாமுங்க!"

நான் வீட்டுக்கு டவுன் பஸ்ஸில்தான் போகிறேன். அதில் உட்கார்ந்தாலும் தொங்கினாலும் ஒரே டிக்கெட்.