பிரேக்கை அமுக்கிய கால்

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் விடுங்கள். என் வீட்டு ஷெட்டில், பட்டப்பகலில் நடந்தது இது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று யார் சொன்னது?

அறுபதுகளில் பிரிட்டனில் செய்த இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி வந்து நானே பிரித்து மாட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி அதற்கு வைத்த பெயர் 'சக்களத்தி'.

அன்று முன் சக்கரங்களுக்குப் புது டிஸ்க் பிரேக் மாட்டி முடித்திருந்தேன். இனி பிரேக் குழாயில் இருக்கும் காற்றை எடுக்க வேண்டும். இரண்டு பேர் வேலை அது. ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை அமுக்குவார். மற்றவர் அடியில் படுத்து, திருகைத் திறந்து காற்றை விட்டு மூடுவார். "விடு" என்று அவர் சொல்லும்வரை பெடலிலிருந்து காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போய்விடும், செய்த வேலையெல்லாம் பாழ்.

காரைத் தூக்கி ஸ்டாண்டுகளில் நிறுத்தி, மனைவியை டிரைவர் சீட்டில் உட்காரவைத்துவிட்டு அடியில் நுழைந்தேன். ஒரு பக்கம் சுவர், முன்னும் பின்னும் கழற்றிய சாமான்கள். வெளியே வர டிரைவர் கதவுப் பக்கம் மட்டும்தான் வழி. மூக்குக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் இரும்பு.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"விடு."

"விட்டுட்டேன்."

நாலைந்து முறை இப்படி. பிறகு அவளிடமிருந்து பதில் வருவது நின்றது. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக இழுத்து வந்து உட்காரவைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் வேலை சுத்தமாக நடந்தது. சொன்னதும் பெடல் இறங்கியது. சொன்னதும் ஏறியது. கிரீச்... டக். கிரீச்... டக். இவளுக்கு இவ்வளவு நிதானம் எப்போது வந்தது?

"அமுக்கு" என்றேன். இறங்கியது. திருகைத் திறந்தேன். வழிந்த பிரேக் எண்ணெயில் ஒரு காற்றுக் குமிழிகூட இல்லை. மூடினேன்.

அப்போது ஷெட் வாசலில் செருப்புச் சத்தம்...

என் மனைவியின் கால்கள். வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்தன.

"பாலை எறக்கி வச்சிட்டேங்க. இப்ப அமுக்கவா?"

"நீ... எப்பப் போன?"

"பால் பொங்கிரும்னு சொல்லிட்டுத்தானே போனேன்?"

"சீட்ல யாரு?"

அவள் குனிந்து பார்த்தாள்.

"யாருமில்லயே... ஆனா பெடல் உள்ள போயிருக்கு."

வெளியே வர வேண்டும். அந்தக் கதவுப் பக்கமாகத்தான் வர வேண்டும். கை வரவில்லை. கால் வரவில்லை.

மேலே சீட் முனகியது...

யாரோ சரிந்து உட்கார்வது போல.

அவள்தான் என் காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டாள்.

மறுநாள் காரை விற்றவருக்குப் போன் செய்தேன். பிரேக் வேலை என்றதும் அவரே சொல்ல ஆரம்பித்தார்.

"அப்பாவும் இதே காருக்கு அடியில, இதே வேலைக்குத்தான் படுத்திருந்தார். அம்மா பெடல்ல. 'அமுக்கு'ன்னார். அப்புறம் சத்தமே இல்ல. அவர் சொல்லாம காலை எடுக்கக் கூடாதுல்ல... அம்மா அமுக்கிட்டே உட்கார்ந்திருந்தாங்க. சாயங்காலம் நான் வந்து பார்த்தப்ப அப்பா உடம்பு சில்லுன்னு கிடந்துச்சு. நெஞ்சுவலி."

"அம்மா?"

"போன வருஷம் போய்ட்டாங்க. கடைசி வரைக்கும் அவங்க கால் கட்டிலை அமுக்கிட்டேதான் இருந்துச்சு."

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் கடைசியாகச் சொன்னது 'அமுக்கு'. 'விடு' என்று சொல்லவே இல்லை.

ஷெட்டுக்கு ஓடினேன். கார் கதவருகே நின்று கத்தினேன்.

"விடுங்கம்மா... விட்டுடுங்க!"

பெடல் அசையவில்லை.

அடியில் படுத்துச் சொன்னால்தான் அந்த அம்மாவுக்குக் கேட்கும் போல. மூன்று மாதமாகிறது. என்னால் படுக்க முடியவில்லை.

பெடல் இன்னும் கீழேதான் இருக்கிறது.