போன ஆட்டத்துப் பகை

சின்னசேலத்தில் மரவள்ளி பயிரிடும் கொளஞ்சி, மத்தியானத்தில் செல்போனில் ராஜ்யம் ஆள்வார். முறை வைத்து ஆடும் ஆட்டம். செல்போனே நடத்தும் சின்ன நாடுகளுக்குப் பரிசு அனுப்பிக் கூட்டாளியாக்கினால்தான் ஜெயிக்கலாம். ஒருநாள் முத்துத்தீவு என்ற குட்டி நாடு கடைசி நேரத்தில் எதிரி பக்கம் சாய்ந்து அவரைக் கவிழ்த்தது.

புது ஆட்டத்தில் அதே முத்துத்தீவு கைகூப்பி நட்புக் கேட்டது.

"போன ஆட்டத்துல இன்னா வேலை பண்ண? என் மூஞ்சிலயே முழிக்காத!" என்று விரட்டினார்.

"இது வேற ஆட்டங்க. அதுக்கு இன்னா தெரியும்?" என்றாள் மனைவி கலையரசி.

"எனக்குத் தெரியுமே!"

துணையில்லாமல் அதிலும் தோற்றார். ஆட்டத்துக்கு ஒரு பகையாகச் சேர்ந்து, மாதம் முடிவதற்குள் எந்தக் குட்டி நாட்டோடும் அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

"நம்ம வூட்டு காதுகுத்துல பந்தி பாதி காலியா கெடந்தது ஏன்னு இப்பத்தான் புரியுது" என்றாள் கலையரசி.