அக்காவுக்கு ஒரு பெரிய கூண்டு

எதைத் திறப்பதானாலும் முதலில் விரலால் இரண்டு தட்டு தட்டுவேன். அரிசி டப்பா, அலமாரி, ஃபிரிட்ஜ், எதுவானாலும். ஆராய்ச்சிக்கூடத்தில் எலிக் கூண்டுகளைக் கழுவி மரத்தூள் மாற்றுவது என் வேலை. தூங்குகிற எலி திடுக்கிடக் கூடாதென்று தட்டிப் பழகிய விரல், வீட்டுக்கு வந்தும் சும்மா இருப்பதில்லை. "உள்ள இருக்கிற முட்டையெல்லாம் எழுந்து உட்காரட்டும்னு தட்டுறியா?" என்பாள் அக்கா.

அக்கா தையல்காரி. நாக்கும் கத்தரிக்கோலும் ஒரே கூர்மை. மார்பில் கட்டி என்று தெரிந்ததும் என் வீட்டுக்கு வந்து தங்கி சிகிச்சையை ஆரம்பித்தாள். மூன்றாவது முறை மருந்து ஏற்றிக்கொண்டு வந்தவள், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.

"இனிமே ஆஸ்பத்திரிக்கு வரலடி. என்னை விட்டுடு."

பாதியில் நிறுத்தினால் கட்டி வளரும் என்று அவளுக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட எனக்கு வாதாட வராது. வாதாட வந்தவர்களும் அவளிடம் ஜெயித்ததில்லை.

அந்தச் சமயம் எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு சோதனை நடந்துகொண்டிருந்தது. கட்டி வந்த எலிகளில் பாதி சாதாரணப் பெட்டியில், மீதி பெரிய கூண்டில். பெரிய கூண்டில் ஓடுவதற்குச் சக்கரம், புகுந்து வரக் குழாய், கூடு கட்டக் காகிதம், பேச்சுத் துணைக்கு நிறைய எலிகள். வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் நான் இடம் மாற்றி வைக்க வேண்டும். சோதனையை நடத்தும் டாக்டரம்மா ஒருநாள் தானாகவே சொன்னார்: "பெரிய கூண்டுல இருக்கிறதுங்களுக்குக் கட்டி சின்னதா இருக்கும்மா. எதிர்ப்புச் சக்தி நல்லா வேலை செய்யுது போல. மருந்தும் நல்லாப் பிடிக்குது."

படித்தவர்கள் என்னிடம் கொஞ்சம் சேர்ந்தாற்போல் பேசினால் எனக்கு வியர்த்துவிடும். தலையாட்டிவிட்டு வாளியோடு நழுவினேன். அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கேட்டவரை போதுமாக இருந்தது.

அன்றைக்கே அக்காவின் கட்டிலை ஜன்னலோரம் இழுத்தேன். ஈரத்துணி காயப்போட மட்டும் பயன்பட்ட உடற்பயிற்சி சைக்கிளைத் துடைத்து அவள் காலடியில் நிறுத்தினேன். அடுத்த வாரம், கூண்டு விதிப்படி எல்லாவற்றையும் இடம் மாற்றினேன். விடியற்காலையில் எழுந்தவள் சைக்கிளில் முட்டியை இடித்துக்கொண்டாள்.

"ஏன்டி, நேத்து இங்க வாசல் இருந்துச்சே?"

"எலிங்களுக்கு இது நல்லதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கக்கா."

"நான் எலியாடி?"

எங்கள் எலிகள் இவ்வளவு கடிக்காது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவள் மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

மிச்சமிருந்தது துணை. எதிரே தெரிந்தவர் வந்தால் தெருவின் மறுபக்கம் மாறிப் போகிறவள் நான். கட்டடத்துக்குக் குடிவந்து இத்தனை வருஷத்தில் யார் வீட்டு வாசலிலும் நின்றதில்லை. அக்காவுக்காக இறங்கினேன். கீழ்வீட்டுக் கதவை இரண்டு தட்டு தட்டினேன். அந்த அம்மா திறந்ததும் வாய் ஒட்டிக்கொண்டது. என் முகத்தைப் பார்த்து, "சர்க்கரை தீர்ந்துபோச்சா?" என்றார். தலையாட்டினேன். எதிர்வீட்டில் நான் நின்ற கோலத்தைப் பார்த்து வெங்காயம் கொடுத்தார்கள். மாடியில் இருந்த பஸ் டிரைவர் யோசித்துப் பார்த்துவிட்டு ஒரு சுத்தியலைக் கையில் வைத்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அந்த ஒன்றில் மட்டும் எனக்கு நல்ல தேர்ச்சி.

ஆள் கூட்டி வரப் போனவள் கை நிறையச் சாமானோடு திரும்பியதை அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"சுத்தியல் எதுக்குடி? என் தலையில போடவா?"

நடந்ததைச் சொன்னேன். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இருமல் வரும்வரை.

"உன்னை நம்பினா ஊரே நம்ம வீட்டுக்குப் படியளக்கும். குடு இங்க." தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, சுத்தியலோடு அவளே மாடி ஏறினாள்.

போனவள் வெகுநேரம் வரவில்லை. டிரைவர் மனைவியின் கோட்டோடு வந்தாள், தோளில் இறுக்குகிறதாம், பிரித்துத் தைக்க வேண்டுமாம். அடுத்த நாள் சர்க்கரைக் கிண்ணத்தைக் கொடுக்கப் போய் கீழ்வீட்டுத் திரைச்சீலைகளோடு திரும்பினாள். அந்த வாரக் கடைசியில், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னாள்: "ஆஸ்பத்திரிக்கு எப்பப் போகணும்? மாடிக்காரிக்கு வாக்குக் குடுத்துட்டேன். கோட்டு அரைகுறையாப் பிரிச்சுக் கிடக்கு, அதை விட்டுட்டு எவ சாவா?"

நாலாவது மருந்து ஏறியது. துணி தைக்கக் கொடுக்க வீட்டுக்கு வருகிறவர்களில் சளி, இருமல் உள்ளவர்களை வாசலோடு நிறுத்தச் சொன்னார் நர்ஸ். அந்த வேலையையும் அக்காவே பார்த்துக்கொண்டாள். என்னிடம் விட்டால் தலையாட்டி உள்ளே அனுப்பியிருப்பேன்.

பிறகுதான் டாக்டரம்மாவிடம் போய், அன்றைக்கு மீதி என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "எலிக்கு நடந்தது மனுஷனுக்கும் நடக்கும்னு இன்னும் சொல்ல முடியாது, மருந்தை மட்டும் யாரும் விட்டுடக் கூடாதுன்னு சொன்னேன்," என்றார். இந்தத் தடவை ஓடாமல் நின்று கேட்டேன். வியர்க்கத்தான் செய்தது.

மருந்து ஏற்றும் சுற்றுகள் முடிந்துவிட்டன. கட்டி சுருங்கியிருக்கிறது, அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. சுருங்கியது மருந்தாலேயே இருக்கும் என்கிறார்கள், கோட்டுக்கும் பங்கு உண்டா என்று யாருக்கும் தெரியாது. அக்கா ஜன்னலோரம் தைக்கிறாள். சைக்கிளில் பழையபடி துணி காய்கிறது.