கேள்வித்தாளோடு கடற்கரையில்

எம்.ஏ. முடித்தும் நிரந்தர வேலை கிடைக்காதவர்களுக்கு இராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கவே இருக்கிறது, யாரோ ஒரு பேராசிரியரின் ஆராய்ச்சிக்கு வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலை. வெயிலில் இப்படி அலைந்த என் இனத்தாரே, நீங்களும் பட்டிருப்பீர்கள்.

மன அழுத்தம்

மீனவக் குடும்பங்களின் மன அழுத்தம் பற்றிய ஆய்வுக்காக மண்டபம் போயிருந்தேன். அன்று காற்று பலமாக இருந்தது. காலையிலேயே திரும்பியிருக்க வேண்டிய கணவரின் படகைக் காணாமல், கரையில் நின்றுகொண்டிருந்தார் ஸ்டெல்லா அக்கா. நானோ அன்றைக்குள் கேள்வித்தாளை முடித்தாக வேண்டும். பக்கத்தில் போய் நின்று, "கடந்த ஒரு மாதத்தில் தங்கள் கட்டுப்பாட்டிற்கு அப்பாற்பட்ட நிகழ்வுகளால் மன அழுத்தத்திற்கு ஆளானீர்களா? இல்லை, சில சமயம், அடிக்கடி" என்று ஒப்பித்தேன்.

அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் படகு கண்ணில் பட்டது. சிலுவை போட்டுக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "டீச்சர், இம்புட்டு நேரத்துக்கு 'அடிக்கடி'ன்னு போட்டுக்க. இப்ப 'இல்லை'ன்னு போடு. நாளைக்கு அவரு கடலுக்குப் போனதும் அழிச்சிட்டுத் திரும்ப 'அடிக்கடி'ன்னு போட்டுக்க."

வறட்சி

உப்பூர்ப் பக்கம் முருகேசன் அண்ணனின் மிளகாய்க் காட்டில், வறட்சியைத் தாங்கும் புது விதையைச் சோதித்தார்கள். வழக்கமாக மழைக்கு ஏங்கும் ஊரில் அந்த வருடம் மட்டும் கொட்டித் தீர்த்தது. செடியெல்லாம் அழுகிப்போனது. பார்வையிட வந்த விஞ்ஞானி வரப்பிலேயே நின்று, "வறட்சியால் ஒரு செடிகூடச் சாகவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். முழங்கால் தண்ணீரில் நின்ற அண்ணன் நிதானமாகக் கேட்டார்: "அப்ப, வெள்ளத்துல முங்கிச் செத்தவனுக்குத் தண்ணித் தாகமே இல்லைன்னும் எழுதலாமுல்ல சார்?"

இரத்த அழுத்தம்

இது இராமேஸ்வரம் தீவில். உப்பைக் குறைத்தால் இரத்த அழுத்தம் குறையுமா என்று ஆய்வு. பாதிப் பேருக்கு அறிவுரை சொல்ல வேண்டும்; மீதிப் பேரிடம் வாயே திறக்கக் கூடாது. கருவாடு காயப்போடும் அந்தோணியம்மா இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவர். ஒருநாள் அவருக்கு அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருந்ததைப் பார்த்துப் பயந்துபோய், மறுபடியும் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. "தலை கிறுகிறுன்னு வருது புள்ள" என்று கருவாட்டுப் பாயிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பேராசிரியருக்குப் போன் போட்டேன். "நீங்க எதுவும் சொல்லிடாதீங்க, முடிவு மாறிடும். நான் கமிட்டியில கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். கமிட்டி கூடட்டும் என்று ஒரு ஆட்டோவைப் பிடித்து, அவரை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் என் கையை விடவேயில்லை. கொஞ்சம் தாமதித்திருந்தால் பக்கவாதம் வந்திருக்கும் என்றார் டாக்டர்.

சாயங்காலம் அந்தோணியம்மா எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார். அந்தச் சந்தோஷத்தில் பேராசிரியருக்குத் திரும்பப் போன் போட்டுச் சொன்னேன். அவர் வருத்தமான குரலில் சொன்னார்: "பிழைச்சது ரொம்ப சந்தோஷம்மா, ஆனா ஒரு நல்ல சாம்பிளைக் கெடுத்துட்டீங்களே!"

எந்த ஆராய்ச்சி எப்படி முடிந்தாலும் அறிக்கையின் கடைசி வரி 'மேலும் ஆய்வு தேவை' என்பதுதான் என்பதால், எங்கள் வீட்டு அடுப்பு மட்டும் தடையில்லாமல் எரிந்துகொண்டிருக்கிறது.