கறுப்பில் காணாமல் போன கோடு

சீனாக்காரனோடு சண்டை வந்து போன பிறகு ஊர் ஊருக்கு ரைபிள் கிளப் முளைத்தது. கோவில்பட்டியிலும் ஒன்று. மொத்தம் ஒன்பது பேர், ஒரே ஒரு ரைபிள். அதில் உருப்படியாகச் சுடத் தெரிந்தவர் கடைவீதியில் கைக்கடிகாரம் பழுது பார்த்த பாய் ஒருவர்தான். எனக்குச் சுட வராது, இங்கிலீஷில் கடிதம் எழுத வரும். அதனால் என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். அந்தப் பதவி என் தலைக்கு ஏறியிருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஜில்லாப் போட்டிக்காக ரைபிள்மேல் பூட்டிக் குறி பார்க்கிற ஸ்கோப் வேண்டுமென்று மெட்ராஸ் கடைக்கு எழுதினேன். இரண்டு அனுப்பி, பிடித்ததை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒன்றில் கண்ணை வைத்தால் மயிரிழை போல இரண்டு கறுப்புக் கோடுகள் நடுவில் வெட்டிக்கொள்ளும். இன்னொன்றில் கீழிருந்து தடித்த கம்பம் ஒன்று எழும்பி நிற்கும். அதன் நுனியில் குறியை உட்கார வைத்துச் சுட வேண்டும்.

பாய்க்குக் கம்பம்தான் பிடித்தது. "இது கண்ணுக்கு நல்லா அகப்படுது தம்பி" என்றார்.

"என்ன பாய், உலக்கை மாதிரி இருக்கு! குறியில பாதிய மறைச்சிரும். கோடு மெலிசா இருந்தாத்தான் நடுவத் தொடலாம்."

நான் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. கழுகுமலை ரோட்டோரம் கரிசல் மேட்டில் அட்டையை நட்டுப் பார்த்தோம். மெல்லிய கோட்டை வைத்து அவர் சுட்ட பத்தும் ஒரு நெல்லிக்காய் அகலத்துக்குள் அடங்கின. அன்றைக்கே கம்பத்தைப் பார்சல் கட்டித் திருப்பி அனுப்பினேன்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. முறையான குறி அட்டை எங்களுக்குக் கிடைப்பதில்லை. தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கிற இடத்தில் கழித்துப் போட்ட தாள்களை வாங்கி, சிவப்பாக இருக்கிற பகுதியை வட்டமாக வெட்டி, வெள்ளை அட்டையில் ஒட்டிக்கொள்வோம். ஒரு வருஷமாக எங்களுக்குக் குறி என்றால் சிவப்புதான்.

போட்டி பாளையங்கோட்டையில் நடந்தது. முதல் மூன்று பேர் மெட்ராஸ் போகலாம். பாய் கோணிச் சாக்கின்மேல் குப்புறப் படுத்துத் தோளில் ரைபிளைப் பொருத்தினார். நான் கயிற்றுக்குப் பின்னால் நின்றேன். அட்டைகளை மாட்டினார்கள். நட்டநடுவில் கன்னங்கரேலென்று வட்டம். கறுப்பு வட்டத்தில் கறுப்பு மயிரிழை எங்கே தெரியும்?

விசில் ஊதிவிட்டார்கள். இனி யாராவது வாய் திறந்தால் ஆட்டக்காரரையே விலக்கிவிடுவார்கள். பாய் ரைபிளிலிருந்து கன்னத்தை எடுத்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடி வைத்தார். சுடவில்லை. மறுபடி துடைத்தார். ஒவ்வொரு தடவை அவர் கை கண்ணுக்குப் போனபோதும் நான் கயிற்றை இறுக்கிப் பிடித்தேன். கடைசி நிமிஷத்தில் நாலு குண்டை அவசர அவசரமாகச் சுட்டார்.

பதினோராவது இடம். ரைபிளை உறையில் போடும் சாக்கில் ஸ்கோப் வழியாக அட்டையைப் பார்த்தேன். கோடுகள் வெள்ளையில் துல்லியமாக வந்து, வட்டத்தின் ஓரத்தைத் தொட்டதும் காணாமல் போயின. கம்பம் இருந்திருந்தால் வட்டத்தின் அடியில், வெள்ளையில், தெளிவாக நின்றிருக்கும்.

திருநெல்வேலியில் சாயங்கால ரயில் ஏறித் திரும்பினோம். என்னைத் திட்டுவார், காற்றின்மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று வசனமெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். மணியாச்சியில் வண்டி வெகுநேரம் நின்றது. பாய் டிக்கெட்டை எடுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு கிட்டத்தில் வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார், அடுத்த கண்ணை மூடினார்.

"தம்பி, ஒருத்தர்ட்டயும் சொல்லிராதிய. எனக்குக் கண்ணு போயிட்டு."

"என்ன பாய் சொல்லுதிய?"

"கோடு நடுவுல தெரியவே இல்ல. இந்தக் கண்ண வச்சுத்தான வாச்சுக்குள்ள முடி கனத்துச் சுருள்கம்பியப் பிடிக்கேன். கடைய மூடிர வேண்டியதான். வீட்ல எப்பிடிச் சொல்லன்னுதான் யோசிக்கேன்."

என் மானம் ஒன்றைத் தவிர வேறெதைப் பற்றியும் நான் அதுவரை கவலைப்படவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. கறுப்பு, சிவப்பு, மயிரிழை, கம்பம், ஸ்கோப்பில் நான் பார்த்தது, எல்லாவற்றையும் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். "கண்ணுல ஒண்ணும் இல்ல பாய். தப்பு என்னுது."

"சத்தியமா?"

"சத்தியமா பாய்."

இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். கன்னத்தில் ஒன்று விழும் என்றுதான் காத்திருந்தேன். அவர் என் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

"ஏலே, இத ஏறும்போதே சொன்னா என்ன? திருநவேலியில இருந்து இங்கன வரைக்கும் நான் குருடனால்லா வந்திருக்கேன்!"