நடுவில் நின்ற குதிரை

என் கணவர் ரிக் வண்டியில் போர்வெல் போடும் வேலையில் இருக்கிறார். திருச்செங்கோட்டிலிருந்து வண்டி கிளம்பினால் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போய்க்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில்தான் வீடு திரும்புவார். நான் எங்கள் ஊர் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன்.

கல்யாணமான புதிதில் எனக்குச் செஸ் சொல்லிக்கொடுத்தது அவர்தான். அவர் ஆட்டம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். ராணியைச் சீக்கிரமே வெளியே இறக்குவார், சிப்பாய்களை முன்னே தள்ளுவார், எதிரே எது வந்தாலும் வெட்டுவார். பதிலுக்கு நானும் வெட்டுவேன். கடைசியில் என் ராஜா மட்டும் அனாதையாக நிற்கும். தோற்பது எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. அவர் எதிரே உட்கார்ந்திருக்கிறாரே, அது போதும் என்றிருந்தது.

போன வருடம் வேலைக்குக் கிளம்பும்போது என் போனில் செஸ் ஆப் ஒன்றை ஏற்றிக்கொடுத்தார். நேரம் கிடைக்கும்போது ஆளுக்கொரு காய் நகர்த்தலாம். மெஷின் சத்தத்தில் போன் பேச முடியாது. "சாப்பிட்டீங்களா?" என்பேன், "ஆச்சு அம்மிணி" என்பார், அவ்வளவுதான். ஆனால் ஆட்டத்தை வைத்தே அவர் நிலைமை எனக்குப் புரிந்துவிடும். காய் மடமடவென்று நகர்ந்தால் வண்டி ரிப்பேராகி நிற்கிறது. நாள் முழுக்க அசையவில்லை என்றால் வேலை ஓடுகிறது.

மத்தியானம் குழந்தைகள் தூங்கும்போதுதான் நான் போனை எடுப்பேன். அங்கன்வாடியில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். சும்மா நிற்கிற பிள்ளைதான் பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும். அதன் கையில் ஒரு பொம்மையைக் கொடுத்துவிட்டால் அறையே அடங்கிவிடும். வழக்கம்போல் சில ஆட்டங்கள் தோற்ற பிறகு ஒருநாள், போனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இந்த நினைப்பு வந்தது. எதை வெட்டலாம் என்று தேடுவதை விட்டுவிட்டேன். என் காய்களில் எது சும்மா நிற்கிறது என்று பார்த்தேன். ஓரத்தில் ஒரு குதிரை நின்றது.

அவர் சிப்பாய்கள் அவசரமாக முன்னேறிப் போனதில் நடுவில் ஒரு கட்டம் காவலில்லாமல் இருந்தது. சுற்றிச் சுற்றி வந்து என் குதிரை அங்கே போய் நின்றது. அதை விரட்ட அவரிடம் சிப்பாய் இல்லை. மிச்சமிருந்த ஒரே மந்திரியும் சொந்தச் சிப்பாய்களுக்குப் பின்னால் அடைபட்டுக் கிடந்தது.

அவரே போன் செய்தார். "என்ன அம்மிணி, ஆடறயா தூங்கறயா? ஒண்ணையும் அடிக்கவே மாட்டீங்கற?"

"அடிக்கறதுக்கு இப்ப என்னங்க அவசரம்? நீங்க ஆடுங்க."

"எங்க ஆடறது! எங்க போனாலும் உன்ற குதிரை நிக்குது."

எனக்குச் சிரிப்பு வந்தது, பாவமாகவும் இருந்தது. இன்னொரு நாள் அவர் குரல் ரொம்பவும் சோர்ந்திருந்தது. அன்று குதிரையை நகர்த்தி அவருக்கு வழி விட்டுவிடலாமா என்று என் விரல் அதன் மேல் போய்விட்டது. ஆனால் விட்டுக்கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவார், கோபமும் வரும். ராஜாவை ஒரு கட்டம் முன்னே வைத்துவிட்டுக் குழந்தைகளை எழுப்பப் போனேன்.

ஆட்டம் முடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது, வண்டி ஊர் திரும்பியது. குளித்துச் சாப்பிட்ட கையோடு மரப்பலகையைக் கட்டில் மேல் விரித்து, போனைப் பார்த்துக் காய்களை அப்படியே அடுக்கினார். ராணிகளும் யானைகளும் எப்போதோ போயிருந்தன. அடுத்து ஆட வேண்டியது அவர். ராஜாவை நகர்த்தினால் என் ராஜா உள்ளே நுழைந்துவிடும். மந்திரியை நகர்த்தினால் ஒரு சிப்பாய் போய்விடும். வேறு எதையும் நகர்த்த வழியில்லை.

"இப்ப நான் எதைத்தான் எடுத்து வெக்கறது?"

"அதையும் நானே சொல்லோணுங்களா?"

வெகு நேரம் தாடையைத் தடவிக்கொண்டிருந்தவர், மந்திரியை நகர்த்தினார். அந்தச் சிப்பாய் போனது, பின்னாலேயே இன்னொன்றும் போனது. என் சிப்பாய் ஒன்று ராணியாகப் போகிறது என்று தெரிந்ததும் தன் ராஜாவைப் படுக்கவைத்தார். என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

"நீ என்னைய ஒண்ணுமே பண்லியே அம்மிணி! நானா வந்து உழுந்துட்டனே!"

மறுநாள் வெங்காயம் வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்கார அக்கா என்னைப் பார்த்ததும் சிரித்தார். "ஏஞ்சாமி, ஒரே ஒரு குதிரைய வெச்சு அவரைக் கட்டிப்போட்டுட்டயாமா?"

எனக்குக் கூச்சமாகிவிட்டது. "யாருங்க்கா சொன்னது?"

"வேற யாரு, அவரேதான். காத்தாலயிருந்து வாரவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டு நின்னாரு."

வீட்டுக்கு வந்தால் மறுபடி காய்களை அடுக்கிவைத்துக் காத்திருந்தார். வெங்காயத்தை உரித்துவிட்டு வருகிறேன் என்றேன்.

"இங்க கொண்டா, நான் உரிக்கறேன்" என்று பையை வாங்கிக்கொண்டார். "வெள்ளை உனக்கு. நீ மொதல்ல ஆடு."